கைக்கு இசைந்த கருவி

(எமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்திலே நிகழ்த்திய பேச்சு)



இன்றைய கூட்டத்திலே பேசுமாறு காரியதரிசி அவர்கள் எம்மைப் பணித்தபோது, சமயத்தைப் பற்றியோ இலக்கியத்தைப் பற்றியோ பேசுவோம் என்றே பலரும் எதிர்பார்த்திருப்பீர்கள். அவற்றைப் பற்றிப் பேசுதற்கு எம்மினும் தகுதி வாய்ந்தோர் பலர் இவ்வவையில் இருக்கின்றனர். ஆகவே, எமது சங்க அறையின் மூலையிலே இருக்கும் கணினியைப் பற்றி, அதிலும் அதன் திரையின் மேற்புறத்தே வரிசையாகத் தோன்றும் சிறு பொத்தான்களைப் பற்றிப் பேசத் துணிந்தோம்.

இது மிகச் சிறிய பொருள் எனச் சிலர் நகைக்கக்கூடும். சிறிய பொருளேயாயினும், அதனால் எமது சங்கத்துப் பெரியவர் ஒருவரின் மனம் மூன்று வாரம் நொந்திருந்தது. அந்நோவுக்குக் காரணமாயிருந்தோர் நாமே. அதனை மறையாது கூறுவதும், அதிலிருந்து நாம் கற்றுக்கொண்டதை உங்கள் முன் வைப்பதுமே இப்பேச்சின் நோக்கமாகும்.

முதலிலே சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். கடிதம் எழுதுதற்கும் கணக்குப் பதிதற்கும் கந்தோர்களிலே வழங்கும் மென்பொருள்கள் பலவற்றில், திரையின் மேலே 'பைல்', 'எடிற்' முதலான சொற்கள் இருக்கும். அவற்றுள் ஒன்றைச் சுட்டியால் அழுத்த, கட்டளைகளின் நிரல் ஒன்று கீழே விரியும். இதனைப் பட்டியல் என்கின்றோம்; 'மெனு' என்று வழங்குவாரும் உளர். அடிக்கடி வேண்டப்படும் கட்டளைகளைச் சிறு படங்களாக்கி, ஒரு வரிசையிலே நிறுத்தியிருப்பது கருவிப்பட்டை எனப்படும். இவ்விரண்டையும் பயன்படுத்துவோர் தமது தேவைக்கேற்ப மாற்றியமைத்தலே நாம் ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள்.

தச்சுப் பட்டறைக்குச் சென்றவர்கள் ஒன்றைக் கண்டிருப்பீர்கள். உளியும் சீவுளியும் சுத்தியலும் ஓர் ஒழுங்கில் இருக்கும். தச்சனாரின் கண் மரத்தை விட்டு அகலாதிருக்கவே, அவரது கை வேண்டிய உளியை எடுத்துவிடும். கோயிலிலே பூசை செய்யும் குருக்களும் அவ்வாறே மணியையும் தீபங்களையும் பஞ்சபாத்திரத்தையும் தமது கை அறிந்த இடங்களில் வைத்துக்கொள்கின்றார். கருவியைத் தேடுவதிலே சிந்தை செல்லுமாயின் செய்யும் வேலையிலே அது நில்லாது. இவ்வுண்மை கணினிக்கும் பொருந்தும்.

ஆயின், தச்சனாரிடம் இருப்பவை சில கருவிகளே. கணினியிலோ நிலை வேறு. மைக்ரோசொப்ட் நிறுவனத்தார் விண்டோசுக்குரிய 'வேர்ட்' என்னும் மென்பொருளை 1989 ஆம் ஆண்டிலே முதன்முதல் வெளியிட்டபோது, அதிலே ஏறக்குறைய 100 கட்டளைகளே இருந்தன. 2003 ஆம் ஆண்டின் வேர்ட்டிலோ 1,500 இற்கு மேற்பட்ட கட்டளைகளும் 31 கருவிப்பட்டைகளும் இருந்தன. இக்கணக்கைத் தந்தவர், அந்நிறுவனத்திலே ஒபிஸ் மென்பொருளின் தோற்றத்தை வகுத்தோருள் ஒருவராகிய ஜென்சன் ஹாரிஸ் என்பவர்.

அவர் 2006 ஆம் ஆண்டிலே எழுதிய மற்றொரு கணக்கு எம்மை வியப்பில் ஆழ்த்தியது. வேர்ட் 2003 ஐப் பயன்படுத்துவோர் இடும் கட்டளைகளுள் நூற்றுக்கு 32 பங்கு வரையில், ஒட்டுதல், சேமித்தல், படியெடுத்தல், செய்ததை மீட்டல், எழுத்தைத் தடிப்பாக்கல் ஆகிய ஐந்து கட்டளைகளாகவே இருந்தனவாம். ஒட்டுதல் என்னும் ஒரு கட்டளை மாத்திரம் நூற்றுக்கு 11 இற்கு மேல். ஆயிரத்தைந்நூறு கருவிகள் நிறைந்த பட்டறையிலே, கைகள் மீண்டும் மீண்டும் நாடுபவை ஒரு சிலவே என்பது இதனாற் போதரும். எனவே, அச்சிலவற்றை அருகே வைத்தல் அறிவுடைமை அன்றோ?

இங்கே ஒரு கேள்வி பிறக்கின்றது. எதனை அருகே வைப்பது, எதனை அப்பால் வைப்பது என்பதை முடிவு செய்ய வேண்டியவர் யார்? பயன்படுத்துவோரா? பொறி தானேயா? அன்றி அதனை ஆக்கியோரா? இக்கேள்விக்கு ஒபிஸ் மென்பொருளின் வரலாற்றிலே மூன்று விதமான விடைகளும் ஒன்றன்பின் ஒன்றாக அளிக்கப்பட்டன.

'ஒபிஸ் 97' இலே, பயன்படுத்துவோருக்குப் பெருஞ் சுதந்திரம் இருந்தது. பட்டியல்களையும் கருவிப்பட்டைகளையும் ஒரே இனமாக்கி, எதனையும் எங்கும் வைக்கலாம் என்றனர். 'ஒல்ற்' என்னும் விசையை அழுத்தியவாறே ஒரு பொத்தானைச் சுட்டியால் இழுத்தால் அது இடம் பெயரும். பட்டைக்கு வெளியே இழுத்து விட்டால் மறைந்தே போகும். இச்சுதந்திரத்தால் நன்மையும் விளைந்தது, கேடும் விளைந்தது. தாம் செய்வது இன்னதென அறியாமலே பொத்தானை இழுத்துத் தொலைத்துவிட்டு, கணினி பழுதாயிற்று என்று வருந்தியோரும் உளர்.

'ஒபிஸ் 2000' இலே, பொறியே ஒழுங்கு செய்யத் தொடங்கியது. பட்டியலைத் திறந்தவுடன் அடிக்கடி பயன்படும் கட்டளைகள் மாத்திரம் தோன்றும், ஏனையவை மறைந்திருக்கும். சற்றுத் தாமதித்தாலோ, அடியிலுள்ள இரட்டை அம்புக்குறியை அழுத்தினாலோ முழுப் பட்டியலும் விரியும். ஒரு கட்டளையைப் பயன்படுத்தினால் அது குறும்பட்டியலுக்கு ஏறும். பயன்படுத்தாது விட்டால் மீண்டும் மறையும். கேட்பதற்கு இனிய ஏற்பாடே. ஆயின், நேற்று மூன்றாவதாக இருந்த கட்டளை இன்று ஐந்தாவதாக இருந்தால் கை எவ்வாறு பழகும்? வேண்டிய கட்டளையைக் குறும்பட்டியலிலே தேடிக் காணாது, முழுப் பட்டியலை விரித்து மீண்டும் தேடுதல் இரட்டை வேலையாயிற்று.

'ஒபிஸ் 2007' இலே, ஆக்கியோர் தாமே ஒழுங்கை வகுத்துப் பூட்டிவிட்டனர். பழைய பட்டியல்களையும் கருவிப்பட்டைகளையும் வேர்ட், எக்செல் முதலியவற்றினின்று அகற்றி, 'ரிபன்' என்னும் அகன்ற நாடா ஒன்றை வைத்தனர். சாதாரணமாகப் பயன்படுத்துவோர் மாற்றக்கூடியதாக 'குயிக் அக்செஸ் ரூல்பார்' என்னும் சிறிய பட்டை ஒன்றே எஞ்சியது. இவ்வாறு செய்தமைக்கு அவர்களிடம் ஒரு நியாயமும் இருந்தது. பழைய ஒபிஸிலே, பட்டைகள் மாற்றியமைக்கப்பட்ட நிலையிலே நடந்த வேலைகள் நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு என்று அவர்கள் திரட்டிய கணக்கு காட்டியது. எனினும், தமது அமைப்பை இழந்த அச்சிறு தொகையினரின் முறைப்பாடு ஓயவில்லை. 'ஒபிஸ் 2010' இலே, நாடாவிலும் சொந்தப் பிரிவுகளை ஆக்கிக்கொள்ளும் உரிமை மீண்டும் அளிக்கப்பட்டது.

இம்மூன்று விடைகளுள் எது சிறந்தது என்பதை ஆராய்ந்தோரும் உளர். கனடாவிலுள்ள பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லியா பின்ட்லேட்டர், ஜொஆனா மக்கிறெனர் ஆகிய இருவரும் 27 பேரைக் கொண்டு நடத்திய ஒரு பரிசோதனையின் முடிவை 2004 ஆம் ஆண்டிலே வெளியிட்டனர். மாறாத பட்டியல், பயன்படுத்துவோர் தாமே மாற்றும் பட்டியல், தானாகவே மாறும் பட்டியல் என மூன்றையும் அவர்களுக்கு அளித்து, வேகத்தை அளந்தனர். மாறாத பட்டியலிலே, தானாக மாறும் பட்டியலிலும் விரைவாக வேலை நடந்தது. தாமே மாற்றும் பட்டியலும், சில நிலைமைகளிலே, மாறாத பட்டியலுக்குக் குறிப்பிடத்தக்க அளவு பின்னிற்கவில்லை. எதனை விரும்புகின்றீர்கள் என்று வினவியபோது, பெரும்பாலோர் தாமே மாற்றும் பட்டியலையே விரும்பினர்.

ஆகவே, கைக்கு வேண்டியது நிலையான இடம். மனத்துக்கு வேண்டியது தானே தெரிந்தெடுக்கும் உரிமை. ஒருமுறை நாமே அமைத்து, பின்பு அதனை அடிக்கடி கலையாது விட்டால் இரண்டும் கைகூடும்.

இனி, எமது பிழையைக் கூறுவோம். சம்பந்தப்பட்ட பெரியவர் இவ்வவையிலே அமர்ந்திருக்கின்றார். அவரது அனுமதியைப் பெற்றே இதனைக் கூறுகின்றோம்.

சென்ற ஆண்டு நவராத்திரி விழாவுக்கு ஒரு மாதத்துக்கு முன்னர், சங்கக் கணினியிலே ஆண்டு மலருக்குரிய கட்டுரைகளைத் தட்டெழுதும் பொறுப்பு எம்மிடம் விடப்பட்டது. பட்டைகளிலே எமக்கு வேண்டாத பொத்தான்கள் பல இருக்கக் கண்டோம். ஓர் இரவு அவற்றையெல்லாம் நீக்கி, எமக்கு வேண்டியவற்றை எமக்குப் பிடித்த ஒழுங்கிலே நிறுத்தினோம். அச்சிடும் பொத்தானையும் நீக்கினோம். அச்சிடுதற்கு விசைப்பலகையைப் பயன்படுத்துவதே எமது வழக்கம். வேலை விரைந்து நடந்தது. எமது கெட்டித்தனத்தை எண்ணி எமக்குள்ளே மகிழ்ந்தோம்.

எமது தனாதிகாரி ஐயா அவர்கள் இளைப்பாறிய இலிகிதர். எழுபது வயதைக் கடந்த பின்னர், சங்கத்துக்காகவே கணினியைக் கற்றவர். கற்றதை ஒரு கொப்பியிலே குறித்து வைத்திருந்தார். 'இடப்பக்கத்திலிருந்து ஆறாவது படம், அச்சு' என்றவாறு ஒவ்வொரு பொத்தானுக்கும் இடம் எண்ணி எழுதியிருந்தார். விழாவுக்கு நன்கொடை அளித்தோருக்குரிய பற்றுச்சீட்டுகளை அச்சிட வேண்டிய காலம் அது. அவர் கணினியின் முன்னே அமர்ந்தபோது, கொப்பியில் எழுதிய ஒன்றேனும் திரையோடு பொருந்தவில்லை. அவர் எவரையும் கேட்கவில்லை. கணினியை மூடிவிட்டு, நூற்றுக்கு மேற்பட்ட பற்றுச்சீட்டுகளையும் மூன்று வாரமாகத் தமது கையாலேயே எழுதினார். அதனைக் கண்ட நாம், பழைய காலத்தவர் பழைய முறையைத்தான் விரும்புகின்றார் என எண்ணிக்கொண்டோம். விழா முடிந்த பின்னரே, ஏன் ஐயா கையால் எழுதினீர்கள் என்று கேட்டோம்.

"தம்பி, நான்தான் ஏதோ பிழையாய் அமத்திப்போட்டன், பெட்டி பழுதாப் போச்சு எண்டு நினைச்சன். சங்கத்துச் சாமான். வெளியிலை சொல்ல வெக்கமாயிருந்தது" என்றார்.

அவையோரே, அப்பொழுது நாம் அடைந்த நாணத்தை எவ்வாறு கூறுவோம்! செய்தவர் நாம், பிழையைச் சுமந்தவர் அவர். உண்மையைக் கூறி மன்னிப்புக் கேட்டோம். அவர் சிறிதும் சினக்கவில்லை. கந்தோர்க் காலத்துப் பழக்கம் ஒன்றையே சொன்னார்.

"என்ரை மேசை லாச்சிக்குள்ளை நான் விரும்பினபடி வைப்பன், தம்பி. அதை ஒருத்தரும் கேக்கேலாது. ஆனால் பொது இறாக்கையிலை ஒரு பைலை இடம் மாத்திறதெண்டால் எல்லாருக்கும் சொல்லிப்போட்டுத்தான் மாத்துவம்."

நாம் கற்ற மிசன் பாடசாலையின் நூல்நிலையத்திலும் இத்தகைய ஒரு விதி இருந்தது. வாசித்த புத்தகத்தை மாணவர் தாமே இறாக்கையிலே திருப்பி வைத்தலாகாது. மேசைமேல் விட்டுச் செல்லல் வேண்டும். இடம் மாறி வைக்கப்பட்ட புத்தகம் தொலைந்த புத்தகத்துக்குச் சமம் என்பதே காரணம். அவ்விதியை ஏழு ஆண்டு கைக்கொண்ட நாம், கணினியின் முன்னே அதனை மறந்துவிட்டோம். ஐயா அவர்கள் சொன்ன லாச்சியும் இறாக்கையும் எமது பேச்சு முழுவதற்கும் போதிய அளவுகோலாகும்.

அப்படியாயின் கருவிப்பட்டையை மாற்றவே கூடாதோ எனின், அன்று. உங்கள் சொந்தக் கணினி உங்கள் லாச்சி. அதனை ஒழுங்கு செய்யும் வழிகளைச் சுருக்கமாகக் கூறுவோம்.

மைக்ரோசொப்ட் ஒபிஸிலே வேண்டிய பொத்தானின்மேல் சுட்டியின் வலப்பக்க விசையை அழுத்தினால், அதனைக் குயிக் அக்செஸ் பட்டையிலே சேர்க்கும் கட்டளை தோன்றும். அண்மைக் காலப் பதிப்புகளிலே இப்பட்டை மறைந்திருத்தலும் உண்டு; நாடாவின்மேல் வலப்பக்க விசையை அழுத்தி, அதனைத் தோற்றுவிக்கலாம். இப்பட்டையிலே முதலாவதாக வைத்த பொத்தானை 'ஒல்ற்' விசையோடு 1 ஐ அழுத்தியும், இரண்டாவதை 2 ஐ அழுத்தியும் இயக்கலாம். ஆகவே, வரிசையிலே எதனை முதலில் வைப்பது என்று எண்ணி வைத்தல் நன்று. நாடாவை மாற்ற விரும்புவோர் 'பைல்', 'ஒப்ஷன்ஸ்' வழியாகச் சென்று, தமக்கென ஒரு புதிய பிரிவை ஆக்கிக்கொள்ளலாம்.

விலையின்றிக் கிடைக்கும் 'லிப்ரே ஒபிஸ்' என்னும் மென்பொருளிலே, பழைய முறைப் பட்டியல்களும் பட்டைகளும் இன்றும் உள்ளன. 'ரூல்ஸ்' என்னும் பட்டியலிலுள்ள 'கஸ்ரமைஸ்' என்னும் கட்டளையால் பட்டியல், கருவிப்பட்டை, விசைப்பலகை ஆகிய யாவற்றையும் மாற்றலாம். அதிலே போற்றத்தக்க ஒரு வசதியும் உண்டு. செய்யும் மாற்றத்தை மென்பொருள் முழுவதற்கும் ஆக்காது, ஒரு குறித்த ஆவணத்துக்கு மாத்திரம் ஆக்கலாம். பற்றுச்சீட்டு ஆவணத்தைத் திறக்கும்போது மட்டும் அதற்குரிய பொத்தான்கள் தோன்றுமாறு செய்தல் இதனால் இயலும்.

எம்போன்ற இளைஞருக்கு ஓர் எச்சரிக்கையும் கூறவேண்டும். அமெரிக்காவிலே மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்திலே வெண்டி மக்கே என்பவர் 51 பேரின் பழக்கத்தை நான்கு மாதம் ஆராய்ந்து, 1991 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். மாற்றியமைப்பதிலே செலவிடும் நேரம் வேலை செய்யாத நேரம் என்பதனால், பலர் இவ்வசதிகளை முழுமையாகப் பயன்படுத்துவதில்லை என்பதை அவர் எடுத்துக்காட்டினார். அவர்களது தயக்கத்திலே நியாயமும் உண்டு. பரீட்சைக்கு முதல்நாள் மேசையை அடுக்குவதிலே பொழுதைப் போக்கும் மாணவரை நாம் அறிவோம். நாமும் அவ்வாறு இருந்ததுண்டு. ஒரு வாரம் உங்கள் கை எவற்றை நாடுகின்றது என்று கவனியுங்கள். ஆறு அல்லது ஏழு கட்டளைகளைத் தெரிந்தெடுத்து, ஒரே முறையில் அமைத்து, அதன்பின் வேலையிலே இறங்குங்கள்.

சங்கத்துக் கணினியோ பொது இறாக்கை. அங்கே கைக்கொள்ளுதற்கு மூன்று ஒழுங்குகளை ஐயா அவர்களோடு கலந்து வகுத்தோம். நிருவாக சபையும் அவற்றை ஏற்றுக்கொண்டது.

முதலாவது, கணினியிலே ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கணக்கு இருத்தல் வேண்டும். ஒருவர் தமது கணக்கிலே செய்யும் மாற்றம் மற்றவர் கணக்கைத் தீண்டாது. இதனை நாம் முன்னரே செய்திருந்தால் இத்துன்பம் நேர்ந்திராது.

இரண்டாவது, எவரும் பயன்படுத்தும் பொதுக் கணக்கிலே, மென்பொருள் வந்தவாறே இருத்தல் வேண்டும். மாற்றம் அவசியமாயின், அதனைப் பயன்படுத்துவோர் யாவரும் அறிய, பலகையிலே எழுதி வைத்த பின்னரே செய்தல் வேண்டும்.

மூன்றாவது, மாற்றுவதற்கு முன்னர் திரும்பும் வழியை அறிந்திருத்தல் வேண்டும். ஒபிஸிலே, முன்னிருந்த அமைப்பை ஒரு கோப்பாக ஏற்றுமதி செய்து வைத்துக்கொள்ளலாம். தொடக்க நிலைக்கு மீட்கும் பொத்தானும் உண்டு. லிப்ரே ஒபிஸிலே, 'ஹெல்ப்' பட்டியலின் வழியாகப் பாதுகாப்பு நிலையிலே மீளத் தொடங்கி, மாற்றங்களை நீக்கலாம். திரும்பும் வழியை அறியாதவர் பொதுச் சாமானிலே கைவைத்தலாகாது.

பெரியோர்களே, உங்களிடமும் ஒரு விண்ணப்பம் உண்டு. திரையிலே ஒரு பொத்தான் காணாமற் போனால், அது உங்கள் பிழை என்று எண்ணிவிடாதீர்கள். இளைஞரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். பெரும்பாலும் எம்மில் ஒருவர் செய்த வேலையாகவே அது இருக்கும். நீங்கள் கேளாது விட்டால், உங்கள் வருத்தத்தையும் அறியமாட்டோம், எமது பிழையையும் அறியமாட்டோம்.

சக உறுப்பினர்களே, கோயிலிலும் சங்கத்திலும் புதிய ஒழுங்குகளைக் கொண்டுவர வேண்டும் என்று நாம் அடிக்கடி பேசுகின்றோம். கொண்டுவரத்தான் வேண்டும். ஆயின், ஒரு பழைய ஒழுங்கை அகற்றுமுன், அதனை எண்ணிக் கொப்பியிலே எழுதி வைத்திருப்பவர் யாரேனும் உளரோ என்று ஒருமுறை கேட்போமாக.

ஐயா அவர்கள் இப்பொழுது தமது கணக்கிலே, தமது விருப்பப்படி, எட்டுப் பொத்தான்கள் கொண்ட ஒரு பட்டையை வைத்திருக்கின்றார். அவற்றுள் முதலாவது அச்சு. அமைத்தவர் அவரே; நாம் அருகே நின்று பார்த்தோம். இவ்வாண்டு நவராத்திரிக்குரிய பற்றுச்சீட்டுகளைத் தாமே அச்சிடுவார் எனக் கூறியுள்ளார்.